நிழல் வைத்தியரின் சிரிப்பு

என் மனைவி என் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே என் விலா எலும்புகளைப் பார்த்துவிட்டாள். இதை நான் சொன்னால் கேட்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. அவள் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள், நான் பஸ் ஓட்டுகிறவன். ஓட்டுநர்களுக்கு வருஷா வருஷம் உடம்பைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். அதில் நெஞ்சுப் படமும் சேர்த்தி.

சட்டையைக் கழற்றிவிட்டு அந்தச் சில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றேன். அவள் ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போய், "மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க" என்றாள். பொத்தானும் அழுத்தியாயிற்று. 'விடுங்க' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் யாரோ கதவைத் தட்டி எதையோ கேட்க, பதில் சொல்லப் போய்விட்டாள். நான் அசைவேனா? வேலை விஷயம், விளையாட்டா? திரும்பி வந்து பார்த்தபோது என் முகம் பீட்ரூட் மாதிரி ஆகியிருந்ததாம்.

"அடக்கடவுளே, இன்னுமா பிடிச்சிட்டு இருக்கீங்க? விடுங்க."

விட்டேன். மூச்சோடு பெரிய விக்கல் ஒன்றும் சேர்ந்து வந்தது. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோள் இரண்டும் குலுங்கின. சத்தம் மட்டும் ஒரு பொட்டுக்கூட வரவில்லை. பாவம், இருமல் போலிருக்கிறது என்று நினைத்தேன். எக்ஸ்ரே அறையில் இருக்கிறவருக்கே நெஞ்சில் கோளாறா என்று இரக்கப்பட்டு மறுநாள் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு போனேன். அந்த மருந்தில் ஆரம்பித்ததுதான் எங்கள் கல்யாணம்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூச்சக்கா என்று பெயர். பெரிய டாக்டர்கள் முதல் பெருக்குகிறவர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே அறை என்றாலே குழந்தைகளுக்குக் குலை நடுங்கும். இருட்டு, பெரிய இயந்திரம், தனியாக நிற்க வைத்துவிட்டு எல்லோரும் ஒளிந்துகொள்கிறார்கள், யாருக்குத்தான் பயமிருக்காது? மூச்சக்கா அழுகிற குழந்தையிடம் கெஞ்ச மாட்டாள், கொஞ்ச மாட்டாள். தன் கையைத் தானே எடுத்த எக்ஸ்ரே படம் ஒன்றைச் சுவரில் வைத்திருப்பாள். அதைக் காட்டி, "இது என் கை. உள்ளே இப்படித்தான் இருக்கேன். நீ எப்படி இருக்கேன்னு பார்க்கலாமா?" என்று கேட்பாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும். வேலை முடிந்துவிடும்.

ஒருநாள் படம் கழுவும் இருட்டறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஒரே ஒரு சிவப்பு விளக்கு. தொட்டியில் ஒரு தகட்டை முக்கி மெல்ல ஆட்டினாள். ஒன்றுமில்லாத அந்தத் தகட்டில் முதலில் புகை மாதிரி எதுவோ படர்ந்தது. பிறகு ஒரு விலா, அதற்குக் கீழே இன்னொன்று. யாரோ ஒரு மனிதர் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தார். வாயாடி நான், அன்றைக்கு வாயடைத்து நின்றேன். தினமும் இதைப் பார்க்கிற ஒருத்தி எப்படி வீட்டுக்கு வந்து சாதாரணமாகக் காய் நறுக்குகிறாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இவ்வளவு நல்லவளிடம் எனக்கிருந்த ஒரே குறை, அவள் சிரிக்க மாட்டாள். என் நகைச்சுவைக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. நான் வாயைத் திறந்தால் கடைசி இருக்கை வரை பஸ்ஸே சிரிக்கும். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். வீட்டிலோ, எப்பேர்ப்பட்ட சிரிப்பு வெடியைப் போட்டாலும் வாயைப் பொத்திக்கொள்வாள், தோள் குலுங்கும், அவ்வளவுதான். கட்டின மனைவியையே சிரிக்க வைக்க முடியாதவன் ஊரைச் சிரிக்க வைத்து என்ன புண்ணியம்? இதை நான் உள்ளூர ஒரு அவமானமாகவே வைத்திருந்தேன்.

எங்களோடு என் மாமியாரும் இருந்தார். பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டியே தனி ஆளாக மகளைப் படிக்க வைத்தவர். பேச்சு அளந்துதான் வரும். மாமனார் என் மனைவிக்கு நினைவு தெரிவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். சுவரில் அவருடைய புகைப்படம் ஒன்று உண்டு, வாயை இறுக மூடிக்கொண்டிருப்பார். தச்சர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. மாமியாருக்கு சினிமாவும் ஆகாது. கொட்டகை இருக்கிற தெருவைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். அதை நான் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் கண்டக்டர் ஒருநாள் பேப்பரில் வந்த விளம்பரத்தை எனக்குப் படித்துக் காட்டினார். 'நிழல் வைத்தியர்' படத்தின் இரண்டாம் பாகம் தயாராகிறது, பெயர் 'நிழல் வைத்தியர் மகள்'. முதல் படத்தில் வந்த அந்தச் சிரிப்பை அப்படியே சிரிக்கத் தெரிந்தவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வரலாம், ஆணோ பெண்ணோ தடையில்லை.

'நிழல் வைத்தியர்' பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மனிதர்களிடமிருந்து நிழலைத் தனியே பிரித்தெடுக்கும் விளக்கு ஒன்றை ஒரு விஞ்ஞானி கண்டுபிடிக்கிறார். பிரித்த நிழல்களை ஏவிவிட்டு ஊரையே ஆட்டி வைக்கிறார். கடைசியில் விளக்கு உடைகிறது, அவருடைய நிழலே அவரை விழுங்குகிறது. விழுங்கப்படும்போது அவர் அலறவில்லை. சிரிக்கிறார். முதலில் வாய் மட்டும் திறக்கும். சிரிப்பு வெளியே வராது, உள்ளே போகும்; எண்ணெய் காணாத கதவு மெல்லத் திறக்கிற மாதிரி மூச்சு உள்ளே இழுபடும். அது நின்ற இடத்தில் ஒரு நிசப்தம். அதற்குப் பிறகுதான் அடிவயிற்றிலிருந்து படி படியாக உருண்டு வரும். சின்ன வயதில் அதைக் கேட்டு நான் நாற்காலிக்கு அடியில் போய்விட்டேன். பயந்தேன் என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரு மனிதத் தொண்டைக்குள் இவ்வளவு பெரிய இடம் இருக்கிறதா என்று திகைத்துப் போனேன்.

நம்மை விட்டால் யார் என்று உடனே முடிவு செய்துவிட்டேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சியும் ஆரம்பித்தாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து நாய் ஏதாவது அடிபட்டுவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார். மாமியார் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். திரும்பிப் பார்த்தால், என் மனைவி குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அது எங்க அப்பா சிரிப்புங்க" என்றாள்.

நான் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வழக்கம்தானே என்று விட்டுவிட முடியாத முகம் அது.

பிறகு உட்கார்ந்து, அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் பின்னாளில் தன்னிடம் சொன்னதைச் சொன்னாள். அவள் அப்பா படப்பிடிப்பு நிலையத்தில் தச்சர். நிழல் வைத்தியரின் சோதனைக்கூடத்தைப் பலகை பலகையாக அடித்து நிறுத்தியவர் அவர்தான். விஞ்ஞானியாக நடித்தவருக்கு ஆள் மலை மாதிரி இருந்தும் சிரிப்பு மட்டும் கோழிக்குஞ்சு மாதிரி வந்ததாம். எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது, ஏணி மேல் ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சர் அந்தக் கோழிக்குஞ்சுச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார். கூடமே உறைந்துவிட்டது. அவரைக் கீழே இறக்கி அந்தச் சிரிப்பையே பதிவு செய்துகொண்டார்கள். திரையில் அவர் பெயர் வரவில்லை. படம் வந்த கொஞ்ச காலத்தில் அவரும் போய்விட்டார்.

மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள் வகுப்பில் ஏதோ வேடிக்கைக்கு வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள். பக்கத்துப் பிள்ளைகள் அலறிக்கொண்டு வெளியே ஓடின. அப்போதும் அந்தப் படம் ஏதாவது ஒரு கொட்டகையில் ஓடிக்கொண்டேதான் இருந்தது. பள்ளியிலிருந்து ஆள் அனுப்பி அம்மாவை வரவழைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நடந்ததை நடித்துக் காட்டுவதாக நினைத்து அந்தப் பிள்ளை மறுபடி சிரித்தது. அம்மா பாய்ந்து வந்து அதன் வாயைக் கையால் மூடினார். இனிமேல் இப்படிச் சிரிக்காதே என்றார். ஏன் என்று சொல்லவில்லை. தன் சிரிப்பு அசிங்கம் என்று மகள் புரிந்துகொண்டாள். அம்மா கையை எடுத்த இடத்தில் அன்றைக்கு வைத்த தன் கையை அவள் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

"அப்பா குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. அந்தப் படத்தையும் அம்மா பார்க்க விட்டதில்ல. அங்கே பழைய சிரிப்பு கண்டிப்பா வெச்சிருப்பாங்க. என்னையும் கூட்டிட்டுப் போங்க. ஒரே ஒரு தடவை கேட்டுட்டு வந்துடறேன்."

என் சினிமா ஆசையெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மாமியாரிடம் கடைவீதிக்குப் போவதாகச் சொன்னோம்.

ஒலிப்பதிவுக் கூடம் என்பது உள்பக்கமெல்லாம் மெத்தை தைத்த ஒரு பெரிய பெட்டி. நாம் நடக்கிற சத்தம் நமக்கே கேட்காது. சுவரோரம் பெஞ்சில் சிரிக்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இறைச்சிக் கடைக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற ஜெயிலர் ஒருவர், மேடையில் மிமிக்ரி செய்கிறவர்கள் சிலர். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை, பல் பிடுங்க வந்தவர்களைப் போல் இருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நரைத்த தலையோடு ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்தார். முதல் படத்துக்கும் அவர்தானாம்.

என் மனைவி நேராக அவரிடம் போய்ப் பழைய சிரிப்பைக் கேட்க வேண்டும் என்றாள். அவர் அலுத்துக்கொண்டார். அது இருந்தால் நான் எதற்கம்மா இத்தனை பேரைக் கூட்டிவைத்துக் காதைக் கெடுத்துக்கொள்கிறேன் என்றார். மூலச் சுருளை ஈரம் அரித்துவிட்டது. கொட்டகைகளுக்கு அனுப்பிய பிரதிகளோ இன்னும் மோசம். சனங்கள் கைதட்டிக் கேட்டுக் கேட்டுக் கடைசிச் சுருளை மட்டும் மறுபடி மறுபடி ஓடவிட்டதில், எல்லாப் பிரதியிலும் அந்த இடம் தேய்ந்து போயிருந்தது. ஊரே ஆசை ஆசையாகக் கேட்டுத் தீர்த்துவிட்டது.

அவள் நகராமல் நின்றதால் அவரே ஒரு பிரதியைப் போட்டுக் காட்டினார். சின்னத் திரையில் விஞ்ஞானி வாயைத் திறந்தார். வெந்நீர் கொதிக்கிற மாதிரி ஒரு இரைச்சல்தான் வந்தது. விஞ்ஞானியின் தோள் குலுங்கியது, கண் விரிந்தது, நிழல் அவரை மூடியது. இரைச்சல் மட்டும் கடைசிவரை அப்படியே இருந்தது. என் மனைவி திரையின் பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்டாள். பிறகு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. அந்த மனிதர் முன்பு ஒரு தடவை போனார், இப்போது இன்னொரு தடவை போய்விட்டார்.

கிளம்பலாம் என்று அவள் கையைப் பிடித்தபோது என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். பெயர் கொடுத்திருந்தேன் அல்லவா? வரவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் உதவியாளர் ஒருவர் என்னை மைக் முன்னால் நிறுத்திவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. நாடா சுற்ற ஆரம்பித்தது. ஒருவரும் மூச்சு விடக்கூடாது என்று சைகை காட்டினார்கள்.

ஊரைச் சிரிக்க வைக்கிறவனுக்கு அன்றைக்குச் சிரிப்பது எப்படி என்றே மறந்துவிட்டது. பெஞ்சில் அவள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது நான் எப்படிச் சிரிக்க? பதற்றத்தில், மனிதனைத் தைரியமாக நிற்க வைக்க எனக்குத் தெரிந்த ஒரே மந்திரம் வாயில் வந்தது. அவளுடைய குரலிலேயே, "மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க" என்று சொல்லிக்கொண்டு, அப்படியே செய்தேன்.

பிடித்த மூச்சை விடத் தெரியவில்லை. பழக்கதோஷம். அவள் 'விடுங்க' சொல்ல வேண்டும் என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாடா சுற்றிக்கொண்டிருந்தது. ஜெயிலர் என்னைப் பார்த்தார், ஒலிப்பதிவாளர் என்னைப் பார்த்தார். என் காது இரண்டும் சூடாகின. முகம் மறுபடி பீட்ரூட் ஆகிக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டிருந்த அவளுக்கு வேறு வழியில்லை. 'விடுங்க' என்று சொல்வதற்காக வாயிலிருந்து கையை எடுத்தாள். அதே சமயம் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

அவள் வாய் திறந்தபடி நின்றது. மூச்சு உள்ளே போனது. எண்ணெய் காணாத கதவு ஒன்று மெல்ல, மெல்லத் திறந்தது.

அந்த நிசப்தத்தில் என் உடம்பில் ஒவ்வொரு மயிரும் எழுந்து நின்றது. பிறகு அது வந்தது. அந்த மெலிந்த உடம்புக்குள்ளிருந்து, என் வீட்டில் காய் நறுக்குகிறவளுக்குள்ளிருந்து, படி படியாக உருண்டு வந்தது. மெத்தை தைத்த சுவர்கள் அதை விழுங்கப் பார்த்து முடியாமல் திருப்பித் தந்தன. இறைச்சிக் கடைக்காரர் பெஞ்சோடு பின்னால் நகர்ந்தார். எனக்கு நாற்காலிக்கு அடியில் போகத் தோன்றியது. அங்கே நாற்காலி இல்லை. ஆனால் பயத்துக்கு மேலே வேறு ஏதோ ஒன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. இந்தச் சிரிப்போடுதான் நான் இத்தனை காலம் ஒரே கூரையின் கீழ் தூங்கி எழுந்திருக்கிறேன். எனக்குத் தெரியவே இல்லை.

அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, மன்னிக்க வேண்டும், பதிவைக் கெடுத்துவிட்டேன் என்றாள். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"நீ தச்சர் மகளாம்மா?"

அவள் தலையாட்டினாள். அவர் உள்ளே போய் நாடாவைப் பின்னால் சுற்றிவிட்டுப் பெரிய ஒலிபெருக்கியில் போட்டார். என் மந்திரம் கேட்டது, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, விக்கல், அதற்குப் பின் அந்தச் சிரிப்பு. என் மனைவி தன் குரல் அந்தச் சுவரிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். இருட்டறைத் தொட்டியில் எலும்புகள் எழுந்து வரும்போது பார்ப்பாளே, அந்தக் கவனம் அவள் முகத்தில் இருந்தது. சிரிப்பு முடிந்து நாடா வெறுமனே சுற்றியது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள். "அப்பாவைச் சரியாக் கேட்கலை."

அந்தப் பதிவையே படத்தில் சேர்த்துக்கொண்டார்கள். படம் வெளியாகிற வரை இதை மாமியாரிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் தைரியம் வரவில்லை. வெளியான பிறகு ஒரு மதியம் மகள் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா சிரிப்பு திரும்பக் கிடைத்திருக்கிறது, ஒரு தடவை கேட்டுவிட்டு வரலாம் என்று மட்டும் சொன்னாள். மாமியார் முடியாது என்றார். சாப்பிட்ட தட்டுகளைக் கழுவினார். கழுவின தட்டுகளையே மறுபடி கழுவினார். பிறகு இஸ்திரி போட்ட நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கொட்டகைத் தெருவில் அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கதையை முழுக்கச் சொல்லப் போவதில்லை. விஞ்ஞானியின் மகள் நல்ல டாக்டராக வளர்ந்திருக்கிறாள். அப்பா யாரென்றே அவளுக்குத் தெரியாது. பாழடைந்த வீட்டில் அந்த விளக்கு அவள் கையில் கிடைக்கிறது. ஏற்றிவிடாதே என்று எல்லோரும் கெஞ்சுகிறார்கள். ஏற்றுகிறாள். வெளிச்சத்தில் அவள் வாய் மெல்லத் திறக்கிறது.

கொட்டகையே அலறியது. என் மனைவியின் கை பழக்கத்தில் தானாக எழுந்து வாயை மூடியது. திரையில் அந்தச் சிரிப்பு உருண்டு வந்துகொண்டிருக்க, மாமியார் இருட்டில் மகள் பக்கம் திரும்பி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"அசிங்கமா இருக்குன்னு நான் மூடலைடி" என்றார். "அவர் போன வீட்டுல திடீர்னு அவர் சத்தம் கேட்டுச்சு. எனக்குத் தாங்கலை. அவ்வளவுதான்."

திரையில் சிரிப்பு முடிந்துவிட்டது. மாமியார் மகளின் கையை விடவில்லை. திரையைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்.

"மாப்பிள்ளை, அவளைச் சிரிக்க வைங்க."

வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு பெரிய வேலை கொடுத்ததில்லை. என் கையிலிருந்த சிரிப்பு வெடியெல்லாம் மறந்து போயிற்று. அவள் காதருகே குனிந்து, மூச்சை இழுங்க, பிடிங்க என்று சொல்லிவிட்டு, நானும் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

முன் வரிசைக்காரர்கள் எழுந்து ஓடினார்கள். படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் நீர் வழிய, கையை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி சிரித்துக்கொண்டே இருந்தாள். மாமியார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.